அம்மன் பின்னால் போன டவர் வண்டி

வசந்தம் பிறந்து, தைவானின் கடல் தெய்வமான மாத்சு அம்மன் பல்லக்கு புறப்படும் நாள் அறிவிக்கப்பட்டதும் காங் வென்-ஜோவுக்கு எரிச்சல் தொடங்கிவிடும். ஊரெல்லாம் கால் உறையும் தொப்பியும் வாங்கிக்கொண்டிருக்கும்போது அவர் மட்டும் நெஞ்செரிச்சல் மாத்திரை வாங்குவார். அம்மன் மேல் அவருக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. அம்மன் பின்னால் நடக்கிறவர்கள் கையில் இருக்கும் போன்கள் மேல்தான் கோபம்.

செல்போன் கம்பெனி ஒன்றில் டவர் வண்டி பார்ப்பது அவர் வேலை. மடக்கிய கம்பத்தைச் சுமந்த லாரி அது. கூட்டம் கூடும் இடத்தில் நிறுத்திக் கம்பத்தை உயர்த்தினால், லாரியே ஒரு டவராகிவிடும். யுன்லின் மாவட்டத்துக் கிராமங்களில் இருக்கும் டவர்கள் அங்கிருக்கும் சில நூறு குடும்பங்களுக்குப் போதும். பல்லக்கு வருகிற அன்று லட்சம் பேர் வந்து இறங்குவார்கள். லட்சம் பேரும் கையைத் தூக்கி வீடியோ எடுப்பார்கள். எடுத்ததை அந்த நிமிடமே அனுப்பியாக வேண்டும் என்பார்கள். போகவில்லை என்றால் லாரியின் கதவைத் தட்டி வென்-ஜோவிடம் கேட்பார்கள்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பல்லக்கு எந்த வழியாக வரும் என்று யாருக்கும் தெரியாது என்பதுதான் அவரைக் கொன்றது. புறப்படும் ஊர் தெரியும், போய்ச் சேரும் கோயில் தெரியும், திரும்பும் நாளும் தெரியும். இடையில் உள்ள வழியை அம்மன்தான் முடிவு செய்வாள். நாற்சந்தி வந்ததும் பல்லக்கு நிற்கும், முன்னும் பின்னும் ஆடும், பிறகு ஒரு பக்கமாக இழுக்கும். தூக்குகிறவர்கள் இழுத்த பக்கம் ஓடுவார்கள். கூட்டம் அவர்கள் பின்னால் ஓடும். வென்-ஜோ கூட்டத்தின் பின்னால் லாரியில் ஓட வேண்டும்.

இதற்கு நடுவில் பி-யுன் வேறு. அவர் மனைவியின் அக்கா. தையல் கடையை மூடிவிட்ட பிறகு ஆண்டு தவறாமல் அம்மனோடு நடக்கிறவள். நெஞ்சில் ஒரு பட்டையைக் கட்டி, அதில் போனைச் செருகி, நடை முழுவதையும் நேரலையில் விடுவாள். பார்ப்பவர்கள் உறவுக்காரர்களும் பழைய வாடிக்கையாளர்களுமாக ஒரு நாற்பது பேர் தேறுவார்கள். பல்லக்கு புறப்படுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் வென்-ஜோ அவளிடம் பேசிப் பார்த்தார்.

"மதினி, நடக்கும்போது லைவ் எதுக்கு? நாலு போட்டோ எடுங்க, தங்குற எடத்துல உக்காந்து அனுப்புங்க."

"போட்டோல அம்மா அசைவாளா மாப்ளே?"

"கோயில்காரங்களே நல்ல கேமரா வச்சு லைவ் போடுறாங்க. எல்லாரும் அதையே பாக்கலாமில்ல."

"அது கோயில் கண்ணு. இது என் கண்ணு." மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு அவள் சொன்னாள். "உங்க கம்பெனிக்கு மாசாமாசம் பணம் கட்டுறேன். அளவில்லாமப் பேசலாம், பாக்கலாம்னு நீங்கதானே விளம்பரம் போட்டீங்க. அளவில்லாமன்னா என்ன அர்த்தம்?"

அந்த விளம்பரத்தை முதல்முறை பார்த்தபோது வென்-ஜோவுக்கும் அதே கேள்விதான் எழுந்தது.

அந்த ஆண்டு தைபேய் அலுவலகத்தில் மேனேஜர் ஷியே புதிதாக ஒன்று செய்திருந்தார். பல்லக்கு இதுவரை போன தடங்களையெல்லாம் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, இனிமேல் எங்கே போகும் என்று கணிக்க வைத்தார். திரையில் யுன்லின் வரைபடம் வந்தது. அதில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று கோடுகள். சிவப்புக் கோடு பெரிய பாலத்தின் வழியாக நேராகத் தெற்கே போயிற்று.

"அம்மனும் பழக்கத்துக்குக் கட்டுப்பட்டவங்கதான்," என்றார் ஷியே. "வண்டி மூணும் பாலத்துப் பக்கம் நிக்கட்டும்."

"திரும்பிட்டா?" என்று வென்-ஜோ கேட்டார்.

"திரும்பமாட்டாங்க. கணிப்பு அப்படித்தான் சொல்லுது."

அம்மன் திரும்பினாள். பாலத்துக்கு முந்தைய நாற்சந்தியில், முற்பகல் வெயிலில் பல்லக்கு நின்றது, ஆடியது. நேராக ஓரடி வைத்தது. டவர் வண்டியின் படியில் நின்று தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த வென்-ஜோ மூச்சை விட்டார். அந்த மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் பல்லக்கு சட்டென்று மேற்கே இழுத்துக்கொண்டு பூண்டு வயல்களுக்கு நடுவே போகும் சின்னச் சாலையில் இறங்கியது. சங்குகள் முழங்கின. "ஷுவாங்பி, ஷுவாங்பி" என்று கூட்டம் சந்தோஷத்தில் கூவிக்கொண்டு ஓடியது.

ஷுவாங்பி என்ற பெயரைக் கேட்டதும் வென்-ஜோ படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்தச் சுற்று வட்டாரத்தில் டவரே இல்லாத கிராமம் அது ஒன்றுதான். முன்பு இருந்தது. உழவர் சங்கக் கிடங்கின் கூரையில் கம்பெனி டவர் ஒன்று நின்றது. டவரால் தலைவலி வருகிறது, கோழி முட்டையிடுவதில்லை, தூக்கம் போய்விட்டது என்று ஊர் திரண்டு வெள்ளைத் துணியில் எழுதி மறியல் செய்தது. கடைசியில் கம்பெனி பணிந்தது. கூரையில் ஏறி அந்த டவரைக் கழற்றி இறக்கியதே வென்-ஜோதான். கீழே வெள்ளைத் துணியோடு நின்று, கடைசித் திருகாணி கழலும்வரை அண்ணாந்து பார்த்திருந்தவள் லியாவ் என்ற அம்மாள். மறியலுக்குத் தலைமை அவள்தான். அவர் இறங்கி வந்ததும் கையில் ஒரு டம்ளர் வெள்ளைப்பூசணி டீயைக் கொடுத்து, "வெயில்ல கஷ்டப்பட்டுட்டீங்க," என்றாள். டீ நன்றாகத்தான் இருந்தது.

"அண்ணே, போலாமா?" என்றான் டிரைவர் ஆ-கூன். பாக்கு அதக்கிய கன்னம் உப்பியிருந்தது.

"போவோம். வேற என்ன செய்ய."

லாரி சின்னச் சாலையில் இறங்கிக் கூட்டத்தின் வாலைப் பிடித்தது. பிடித்த இடத்திலேயே நின்றும் போனது. முன்னால் சாலையின் நடுவில் மக்கள் ஒருவர் பின் ஒருவராக மண்டியிட்டுக் குப்புறக் கவிழ்ந்திருந்தார்கள். பல்லக்கு தங்கள் முதுகுக்கு மேல் கடந்து போனால் ஆண்டு முழுவதும் காப்பு என்று நம்பிக்கை. பல்லக்கு ஏற்கெனவே கடந்து போய்விட்டது. கடைசியில் கிடந்தவர்களுக்கு அது தெரியவில்லை.

ஆ-கூன் ஹாரனில் கை வைத்தான். வென்-ஜோ அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாமிக்குக் கவுந்து கெடக்கிறவங்க மேல ஹாரன் அடிக்கிறியா?"

"பல்லக்குதான் போயிடுச்சே அண்ணே."

"நீ எறங்கிப் போய்ச் சொல்லு பாப்போம்."

ஆ-கூன் இறங்கிப் போய்ச் சொன்னான். கடைசியில் கிடந்த கிழவி தலையைத் தூக்காமலேயே, "அப்ப இது என்ன?" என்று லாரியைக் காட்டினாள். டவர் வண்டி என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அம்மாவோட வந்ததுதானே, இதுவும் மேல போகட்டும்," என்று மறுபடியும் கவிழ்ந்துகொண்டாள். அவளை எழுப்பி, அவள் மகளை எழுப்பி, மகளின் நாயையும் ஓரம் ஒதுக்குவதற்குள் ஷியே ஐந்தாறு தடவை கூப்பிட்டுவிட்டார். ஒவ்வொரு தடவையும் மணி அடித்தது, எடுத்தால் குரல் கரகரத்து அறுந்தது. லட்சம் பேர் பின்னால் நிற்கும் செல்போன் கம்பெனிக்காரர் தன் சொந்த ஆபீசோடு பேச முடியாமல் "ஹலோ ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் நடந்த ஒரு பெண் அதையும் வீடியோ எடுத்தாள்.

ஷுவாங்பியில் உழவர் சங்கக் கிடங்குக்கு முன்னால் பூண்டு காயவைக்கும் களம் இருந்தது. அங்கே லாரியை நிறுத்திக் கால்களை ஊன்றிக் கம்பத்தை உயர்த்தினார்கள். தூரத்துப் பெரிய டவரைப் பார்த்து வட்டத் தட்டு ஆன்டெனாவைத் திருப்பி இணைப்பு எடுத்ததும், வென்-ஜோ லாரிக்குள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். அம்மன் கிராமத்துக் கோயிலில் இளைப்பாறிக்கொண்டிருந்தாள். சந்துகளிலெல்லாம் ஜனம் வழிந்தது. வாசலுக்கு வாசல் வேர்க்கடலைக் கஞ்சியும் காளான் கஞ்சியும் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

லாரி டவர் உயிர் பெற்ற மறு கணமே நிரம்பிவிட்டது. திரையிலிருந்த பச்சைப் பட்டை நிதானமாக மஞ்சளாகிப் பிறகு சிவப்பாவதுதான் வழக்கம். அன்றைக்கு அது பச்சையாக இருந்ததையே அவர் பார்க்கவில்லை.

கதவு தட்டப்பட்டது. திறந்தால் லியாவ் அம்மாள். மாவு படிந்த மேலங்கி, கையில் போன்.

"என்ன தம்பி, இவ்ளோ பெரிய கம்பத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கீங்க, ஒரு போன் கூடப் போகமாட்டேங்குது?"

வென்-ஜோவுக்கு என்னென்னவோ வாய்வரை வந்தது. "அத்தை, ஞாபகம் இருக்கா, இந்தக் கூரைமேல..." என்று கிடங்கைக் காட்ட ஆரம்பித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டார். இது டீ கொடுத்த நாளின் முகமாக இல்லை.

"என் மாமனாரக் காணோம்," என்றாள்.

தொண்ணூறை நெருங்கிய கிழவர். சில நாள் மருமகளைத் தெரியும், சில நாள் தெரியாது. ஷின்ஜூ நகரில் வேலை பார்க்கும் பேரன் அவருக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கி மாட்டியிருந்தான். கிழவர் எங்கே போனாலும் அது இடத்தைத் தெரிவிக்கும், லியாவின் போனில் நீலப் புள்ளியாகக் காட்டும். அதில் பேசவும் செய்யலாம். அவள் போனை நீட்டினாள். நீலப் புள்ளி அவள் வீட்டுச் சமையலறையில் அசையாமல் நின்றது. பல்லக்கு வருவதற்கு முன் தூரத்து டவர் ஒன்றின் வழியாக வந்த கடைசிச் செய்தி அது.

"சமையலறைல இல்ல, பாத்துட்டேன். கஞ்சி ஊத்திக்கிட்டிருந்தேன் தம்பி. திரும்பிப் பாத்தா நாற்காலி காலி. அவ்ளோதான். ஒலிபெருக்கில சொல்லச் சொன்னேன். பட்டாசு சத்தத்துல யாருக்குக் கேக்குது? பின்னாடி பெரிய வாய்க்கா ஓடுது. கடிகாரம் கையிலதான் இருக்கு. அது ஏன் பேசமாட்டேங்குது?"

வென்-ஜோ வயலைக் காட்டினார். வேறு எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"வாய்க்கா தண்ணிய முறை வச்சுத்தானே விடுவாங்க? டவரும் அப்படித்தான் அத்தை. இருக்கிற தண்ணிய இம்மி இம்மியா வெட்டி, உனக்கு ஒரு நொடி, எனக்கு ஒரு நொடின்னு மாத்தி மாத்திக் கொடுக்குது. இன்னிக்கு எல்லாரும் மடையைத் தெறந்து வச்சுக்கிட்டு வீடியோவ அனுப்புறாங்க. அதுகூடப் பரவால்ல. எனக்கு ஒரு முறை வேணும்னு டவரக் கூப்பிட்டுக் கேக்கணும். அந்த ஒரு கூப்பாட்டையே எல்லாரும் ஒண்ணாப் போட்டா, யாரு கேட்டான்னு டவருக்கே புரியாது. சின்னக் கடிகாரம், குரல் சின்னது. கேட்டுப் பாக்கும், பதில் வராது. கொஞ்ச நேரம் கழிச்சுக் கேக்கும், அப்பவும் வராது. பேட்டரியக் காப்பாத்த அப்புறம் இன்னும் தாமதிச்சுக் கேக்கும்."

"கடைமடைக்காரன் கதை, கோடி வயலுக்குத் தண்ணி வராது," என்றாள் லியாவ். வேறு விளக்கம் அவளுக்குத் தேவைப்படவில்லை. "அப்ப மேல இருக்கிறவங்க மடைய அடைங்க."

"என் கையில மட்டும் இல்ல அத்தை."

"வேற யாரு கையில?"

லாரியில் இருந்த தனி இணைப்பில் அவர் ஷியேயைக் கூப்பிட்டார். கூட்டத்தோடு மோதாத வழி அது, அதனால் கிடைத்தது. விஷயத்தைச் சொன்னார். வீடியோ அனுப்பும் வேகத்தை எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சொட்டளவுக்குக் குறைக்க வேண்டும். பத்துப் போனில் எட்டுப் போனையாவது கொஞ்ச நேரம் டவரைக் கூப்பிடாமல் தள்ளி நிறுத்த வேண்டும். அப்படிச் செய்தால் சின்னச் செய்திகளுக்கு வழி கிடைக்கும்.

"கோயில் லைவ் என்ன ஆகும்?" என்றார் ஷியே.

"அதுவும் விட்டு விட்டு வரும்."

"வென்-ஜோ, அந்த லைவ்ல கீழ நம்ம கம்பெனி பேர் ஓடிக்கிட்டிருக்கு. ஒரு நொடிகூட நிக்காதுன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கோம்."

"அவங்க கேமராவோட சிம் நம்பர் கொடுங்க, அதுக்கு மட்டும் தனி வழி விட்டுடுறேன்."

"அது கோயில் கமிட்டிக்கிட்ட இருக்கும். கூப்பிட்டுக் கேளுங்க."

"எப்படிக் கூப்பிட?"

ஷியே பேச்சை மாற்றினார். "கிழவரு எங்கயாவது கஞ்சி குடிச்சிட்டு உக்காந்திருப்பாரு. எப்பவும் அப்படித்தானே. போலீஸ்ல சொல்லச் சொல்லுங்க."

"சொல்லிட்டாங்க. போலீஸ்காரர் போனும் போகல."

"இருங்க, மேல கேக்குறேன்."

இசை வந்தது. கம்பெனி விளம்பரப் பாட்டின் மெட்டு. 'எங்கிருந்தாலும் உன்னருகில்' என்று ஒரு பெண் குழைந்து பாடினாள். முதல்முறை முடிந்து இரண்டாம் முறை தொடங்கியது. லியாவ் அம்மாள் கதவடியிலேயே நின்றாள். மேலங்கியின் நுனியால் போன் திரையைத் துடைப்பாள், பார்ப்பாள், மறுபடி துடைப்பாள். அதே நீலப் புள்ளி, அதே சமையலறை.

பாட்டு மூன்றாம் முறை தொடங்கியதும் வென்-ஜோ இணைப்பைத் துண்டிக்காமல் ரிசீவரை மேசைமேல் கிடத்திவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

"அண்ணே," என்றான் ஆ-கூன் மெதுவாக. "பாட்டு ஓடிக்கிட்டிருக்கு."

"ஓடட்டும்."

அப்போது அவருக்குத் துணிச்சல் என்று எதுவும் தோன்றவில்லை. இத்தனை ஆண்டுகளாகத் தொண்டையில் நின்ற எரிச்சல்தான் விரல்களுக்கு இறங்கி வந்தது. வேகத்தைக் குறைத்தார். தள்ளி நிறுத்த வேண்டிய போன்களின் பங்கை உயர்த்தினார். உறுதிதானா என்று கம்ப்யூட்டர் கேட்டது. உறுதி என்று அழுத்தினார்.

களத்தில் நின்ற கூட்டத்திலிருந்து ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. தூக்கிய கைகள் இறங்கின. போனைத் தட்டினார்கள், அணைத்துப் போட்டார்கள், தலைக்கு மேலே நீட்டிச் சுற்றினார்கள். "நெட் போச்சு." "உனக்குமா?" "இந்தக் கம்பெனியே இப்படித்தான்." அதே நேரத்தில், காலையிலிருந்து சிக்கிக் கிடந்த சின்னச் செய்திகள் எல்லாம் வழி கிடைத்து இறங்க ஆரம்பித்தன. களம் முழுவதும் டிங் டிங் என்று சத்தம். ஒருவன் தன் அம்மா காலையிலேயே வீடு திரும்பிவிட்டதை அப்போதுதான் படித்தான். போலீஸ்காரரின் போன் அடித்தது. நெட் போச்சு என்று திட்டியவர்களில் பாதிப் பேர் திட்டிக்கொண்டே குறுஞ்செய்தி படித்தார்கள்.

வென்-ஜோவின் சொந்தப் போன் ஊமையாக இருந்தது. தள்ளி நிறுத்தப்பட்ட எட்டில் அதுவும் ஒன்றாகிவிட்டிருந்தது. டவருக்கு ஆள் பார்த்து ஒதுக்கத் தெரியாது.

"வந்துடுச்சு," என்றாள் லியாவ்.

நீலப் புள்ளி சமையலறையை விட்டுத் தாவியிருந்தது. வாய்க்கால் கரையில் இல்லை. ஊரைத் தாண்டித் தெற்கே, மாவட்டச் சாலையில் நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் நகர்ந்தது.

"இவ்ளோ வேகமா அவரால நடக்க முடியாதே," என்றாள். அவள் நீட்டிய போனில் அழைப்புப் பொத்தானை வென்-ஜோதான் அழுத்தினார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் யாரோ எடுத்தார்கள்.

"யாரு?" என்றது கிழவரின் குரல்.

"அப்பா, நான்தான். எங்க இருக்கீங்க?"

"வண்டில."

"யாரு வண்டி?"

"எவனோ. நல்லவன். பன்னு கொடுத்தான்." வாயில் எதையோ மெல்லும் சத்தம் கேட்டது. "உள்ள பச்சைப்பயறு வச்சிருக்கான். நீயும் இந்த மாதிரி வைக்கலாம்."

பிறகு வேறு குரல் வந்தது. கால் நோகிறவர்களை ஏற்றிப் போகும் தொண்டு வண்டியின் ஓட்டுநர். அடுத்த ஓய்விடத்தில் எல்லோரும் இறங்கினார்கள், இவர் மட்டும் இறங்கவில்லை, வீடு எங்கே என்று கேட்டால் அம்மாவோடு போகிறேன் என்கிறார், யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தேன் என்றார். இப்போதுதான் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன், திருப்பி அழைத்து வருகிறேன் என்றார்.

லியாவ் போனை மூடிவிட்டுக் களத்தின் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் கையிலிருந்த மாவு முகத்திலும் படிந்தது. வென்-ஜோ என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் குந்தினார். ஆ-கூன் தண்ணீர் பாட்டில் கொண்டு வந்தான். "நான் ஒரு நிமிஷந்தான் திரும்பினேன்," என்று அவள் கைகளுக்குள்ளிருந்து சொன்னாள். "தெரியும் அத்தை," என்றார் வென்-ஜோ. அன்று முழுவதிலும் எரிச்சல் இல்லாமல் அவர் பேசிய வார்த்தை அது ஒன்றுதான்.

எழுந்துபோய் எல்லாவற்றையும் பழையபடி தளர்த்தினார். கைகள் மறுபடி தலைக்கு மேலே உயர்ந்தன. பட்டை சிவந்தது. ரிசீவரில் அந்தப் பெண் இன்னும் பாடிக்கொண்டிருந்தாள்.

"மாப்ளே."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பி-யுன் வந்தாள். நெஞ்சில் பட்டை, பட்டையில் போன், முகமெல்லாம் வியர்வை.

"நீதான் நிறுத்தினியாமே?"

"யார் சொன்னா?"

"உன் டிரைவர்தான் ஊருக்கே சொல்லிக்கிட்டிருக்கான்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "கோயில்ல இருந்து பல்லக்கு வெளிய வந்துச்சு. நேராப் போகும்னு பாத்தா சந்துக்குள்ள நுழைஞ்சு ஒரு வீட்டு வாசல்ல நின்னுச்சு. உள்ள படுக்கையில ஒரு பொம்பள, இடுப்புக்குக் கீழ அசைவில்லாம. அம்மா அந்த ஜன்னல் கிட்டப் போய்க் குனிஞ்சா மாப்ளே. பல்லக்கு குனிஞ்சுச்சு. எல்லாரும் அழுதாங்க. நான் மட்டும் போனத் தட்டிக்கிட்டு நின்னேன்."

"காணாமப் போன பெரியவரைத் தேடித்தான் மதினி..."

"அது சரி. செய்ய வேண்டியதுதான். அதை யாரு வேணாங்கிறா?" என்றாள். "என்ன மட்டும் விட்டிருக்கலாமில்ல. ஒரே ஒரு போன். குடும்பந்தானே."

வென்-ஜோ அவளைப் பார்த்தார். அவள் வேடிக்கை பேசவில்லை. அவர் லாரிக்குள் போய் மாத்திரை ஒன்றை மென்றார்.

ஊர்வலம் முடிந்து அலுவலகம் திரும்பியதும் விளக்கம் கேட்டார்கள். அனுமதி கிடைக்கும் முன் ஏன் செய்தீர்கள் என்று கேட்டார்கள். அனுமதி கிடைத்ததா என்று அவர் திருப்பிக் கேட்டார். மேலே கேட்டவர்கள் அதற்கும் மேலே கேட்டிருந்தார்கள், அங்கிருந்து பதில் இன்னும் வந்து சேரவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கோயில் கமிட்டி வருத்தம் தெரிவித்தது. அம்மன் குனிந்த அந்த நேரத்தில் கோயில் லைவிலும் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டிருந்தது. அவருடைய ஆண்டுப் பணி மதிப்பீட்டில் ஒரு படி இறக்கினார்கள்.

இலையுதிர் காலத்துக் கூட்டத்தில் ஷியே திரையில் ஒரு திட்டம் காட்டினார். பெருங்கூட்டத்தில் தொடக்கத்திலிருந்தே எல்லோருக்கும் வீடியோ வேகத்துக்கு வரம்பு வைப்பது, நேரலைக் கேமராவுக்குத் தனி வழி விடுவது, சின்னச் செய்திக்கு முதலிடம் கொடுப்பது. திட்டத்துக்கு அவர் தன் பெயரை வைத்திருந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். திட்டம் நன்றாகவே இருந்ததால் வென்-ஜோவும் தட்டினார். தட்டும்போதே தட்டுகிற கை மேல் அவருக்கு எரிச்சல் வந்தது.

ஷுவாங்பிக்கு மறுபடியும் டவர் வைப்பது என்று கம்பெனி முடிவெடுத்தது. ஊர்க் கூட்டத்தில் பேச ஆள் வேண்டும், அந்த ஊரை அறிந்தவர் என்று அவரைத்தான் அனுப்பினார்கள். கூட்டத்தில் லியாவ் அம்மாள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாமனார், கையில் கடிகாரம். வென்-ஜோவுக்குத் தைரியம் வந்தது. டவர் ஏன் வேண்டும் என்பதற்கு இந்தக் குடும்பத்தைவிட வேறு சாட்சி எதற்கு?

லியாவ் எழுந்தாள். "டவர் கண்டிப்பா வேணும்," என்றாள். சபை தலையாட்டியது. "இந்தத் தம்பி இல்லேன்னா எங்க வீட்டுப் பெரியவர் இன்னிக்கு இங்க உக்காந்திருக்க மாட்டாரு. அதனால நல்லாப் பெருசா வைங்க. பக்கத்து ஊர்ல வைங்க."

"அத்தை," என்றார் வென்-ஜோ. "கிடங்குக் கூரை காலியாத்தானே இருக்கு?"

"அது என் கோழிக்கூண்டுக்கு நேர் மேல இருக்கு தம்பி."

பக்கத்து ஊரில் போய்க் கேட்டார். டவர் அவசியம்தான், ஷுவாங்பியில் வையுங்கள் என்றார்கள். இரண்டு ஊருக்கும் நடுவிலிருந்த பூண்டுக் காட்டுக்காரர் முதலில் சரி என்றார். பிறகு மனைவியைக் கேட்டுவிட்டு முடியாது என்றார். இப்படியே குளிர்காலம் கழிந்தது. இரண்டு ஊர்களும் சண்டையில்லாமல் ஒப்புக்கொண்ட இடம் ஒன்றுதான் கிடைத்தது. வயல்களுக்கு அப்பால் இரு ஊருக்கும் பொதுவான இடுகாட்டின் விளிம்பு. அங்கிருந்து யாரும் மனு கொடுக்கப் போவதில்லை. கல்லறை தினத்தன்று மட்டும் கூட்டம் வரும். அன்றைக்கும் வருகிறவர்கள் புல் வெட்டி, சாம்பிராணி கொளுத்தி, படையலைத் தின்றுவிட்டுப் போய்விடுவார்கள்.

டவர் நின்ற முதல் வாரத்திலேயே லியாவ் அம்மாள் அவரைக் கூப்பிட்டாள். குரல் தெளிவாக வந்தது.

"தம்பி, வாசல்ல நல்லா எடுக்குது. சமையலறைக்குப் போனா ஒரே ஒரு கோடுதான் வருது. நான் பாதி நாள் அங்கதானே இருக்கேன்?"

"அத்தை, டவர் இடுகாட்டுல இருக்கு. உங்க சமையலறை ஊருக்கு அந்தக் கோடியில இருக்கு. நடுவுல கிடங்குச் சுவரு."

"அப்ப கொஞ்சம் கிட்டக் கொண்டாந்து வச்சிருக்கலாமே."

ஜன்னலைத் திறந்து வைத்துப் பேசிப் பாருங்கள் என்றார் வென்-ஜோ. அவள் திறந்துவிட்டு வந்து இரண்டு கோடு என்றாள். பூண்டு அறுவடையாகியிருக்கிறது, ஒரு மூட்டை அனுப்புகிறேன், முகவரி சொல்லுங்கள் என்றாள். அவர் முகவரி சொன்னார். பாதியில் இணைப்பு அறுந்தது. மறுபடி கூப்பிட்டு, மீதியைச் சொன்னார்.